ஒரு தொடையெலும்பிலிருந்து முழு டைனோசர்: மீதி எல்லாம் புழுகுதானே?

கேள்வி: கல்முனை வாசகர், 4 மே 2024

மகள் ஏழாம் ஆண்டு. நூலகத்திலிருந்து டைனோசர் புத்தகம் ஒன்று கொண்டுவந்தாள். ஒரு பக்கத்தில் முழு விலங்கின் நிழலுருவம், அதற்குள் ஏழெட்டு எலும்பு மட்டும் சிவப்பில். அடுத்த பக்கத்தில் அதே விலங்கு தோல், நிறம், கண், பல் எல்லாவற்றோடும் பாய்ந்து வருகிறது. ஏழு எலும்பிலிருந்து இவ்வளவும் எப்படி வந்தது? மீதி புழுகுதானே? மகளுக்கு என்ன சொல்வது?

4 மே, இரவு

புழுகுகிறவன் சிவப்பு அடித்துக் காட்டமாட்டான். கிடைத்தது எது, நிரப்பியது எது என்று நிறம் பிரித்து வைத்திருக்கிறார்களே, அந்தப் பக்கத்தை நம்பலாம். பாய்ந்து வருகிற பக்கத்தைத்தான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

நான் ஆராய்ச்சிக்காரன் இல்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன். பிறந்தது மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கம், படுவான்கரையில். அப்பா எருமைப்பட்டி வைத்திருந்தவர். எலும்போடு பழக்கம் இரண்டு பக்கத்தாலும் வந்தது.

இடது தொடையெலும்பு கிடைத்தால் வலது தொடை இலவசம், கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி வரைந்தால் போதும். முதுகில் ஐந்தாவது முள்ளெலும்பும் எட்டாவதும் இருந்தால் ஆறும் ஏழும் எப்படி இருந்திருக்கும் என்று சொல்வது பெரிய வித்தையில்லை, வடிவம் படிப்படியாகத்தான் மாறும். அதே இனத்தில் இன்னொன்று வேறிடத்தில் கிடைத்திருந்தால் அதன் கையை அளவு பார்த்து இதற்கு மாட்டலாம். அதுவும் இல்லையென்றால் நெருங்கிய சொந்தத்திடம் கடன். அதற்குப் பிறகுதான் சிக்கல்.

5 மே

மூக்கில் வைத்த பெருவிரல் கதையைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது.

இங்கிலாந்தில் கிடியன் மான்டெல் என்ற வைத்தியர் 1825ல் இகுவானடொன் என்று ஒரு விலங்குக்குப் பெயர் வைத்தார். கையில் இருந்தது பற்கள். இகுவானா என்ற ஓணான் சாதியின் பல்லைப் போல இருந்ததால் அந்தப் பெயர். பிறகு கூம்பு போல ஒரு கூர் எலும்பும் வந்து சேர்ந்தது. காண்டாமிருகம் ஞாபகத்துக்கு வந்ததோ என்னவோ, மூக்கின் மேல் வைத்துவிட்டார். 1854ல் லண்டன் கிறிஸ்டல் பலஸ் பூங்காவில் செய்து வைத்த சிலைகளுக்கும் மூக்கில் கொம்பு. அவை இன்றும் அப்படியே நிற்கின்றன. அந்தச் சிலையின் அச்சுக்குள்ளே மேசை போட்டு 1853 டிசம்பர் 31 இரவு பெரியவர்கள் விருந்து வேறு சாப்பிட்டார்கள்.

1878ல் பெல்ஜியத்தில் பெர்னிசார் என்ற ஊர் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் முப்பதுக்கு மேற்பட்ட இகுவானடொன்கள் கிடைத்தன. பல முழு உடம்பாக. அப்போதுதான் தெரிந்தது, கூர் எலும்பு ஒன்றல்ல, இரண்டு. கைக்கு ஒன்று. பெருவிரல்!

இதோடு கதை முடிந்திருந்தால் "எலும்பு குறைந்தால் பிழை வரும், எலும்பு கூடினால் பிழை போகும்" என்று எழுதிவிட்டுப் படுத்திருப்பேன். ஆனால் அந்த முழு எலும்புக்கூடுகளை நிறுத்திய லூயி டொலோ, கங்காருவைப் போல வாலை ஊன்றி நிமிர்ந்து நிற்க வைத்தார். அந்த விலங்கின் வாலை நெடுகிலும் எலும்பாக இறுகிய தசைநாண்கள் பிடித்து வைத்திருக்கின்றன. அப்படி ஒரு வளைவு வளைத்தால் வால் முறியும். எலும்பு எல்லாம் கையில், முறியும் என்று சொல்கிற நாணும் கையில். இருந்தும் நூறு வருடம் அப்படியே நின்றது. 1980ல் டேவிட் நோர்மன் எழுதிய பிறகுதான் முதுகு கிடைக்கு வந்தது, வால் நிலத்தை விட்டு எழும்பியது.

எலும்பு குறைவால் வந்த பிழை ஒன்று. பார்த்துப் பழகிய விலங்கு கண்ணில் நின்றதால் வந்த பிழை இன்னொன்று. இரண்டாவதுதான் எனக்குப் பயம்.

8 மே

என் எருமை.

1997. எனக்குப் பதினான்கு வயது. பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி. அப்பாவின் பட்டியில் ஒரு எருமை முந்தின வருடம் வில்லு என்ற தாழ்நிலக் குட்டையின் சேற்றில் புதைந்து செத்திருந்தது. ஆவணியில் வில்லு வற்றியதும் நானும் மச்சானும் யூரியாப் பை இரண்டு எடுத்துக்கொண்டு போனோம். எலும்பை எல்லாம் பொறுக்கி, அவித்து, வெயிலில் போட்டு, பலகையில் கம்பியால் கட்டினோம்.

என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பதைக் கேளுங்கள், டைனோசருக்கும் அதே கணக்குத்தான். தொடை, மேற்கை, இடுப்பு, மண்டை எல்லாம் கிடந்த இடத்தில் கிடந்தன. பாரமான எலும்பை மாரித் தண்ணி அசைக்காது. விரல் எலும்புகள் அரைவாசி இல்லை. வால் முக்கால்வாசி இல்லை, நரியோ நாயோ கொண்டுபோயிருக்கும். விலாக்கள் பத்துப் பன்னிரண்டு யார் (கெஜம்) அகலத்துக்குப் பரவிக் கிடந்தன.

எருமைக்கு மண்டைதான் பாரம். நீள்கழுத்து டைனோசருக்கு நேர்மாறு. அவ்வளவு பெரிய உடம்புக்குச் சின்னத் தலை, மெல்லிய எலும்பு, கழுத்தோடு பிடிப்பும் குறைவு. முதல் வெள்ளத்திலேயே போய்விடும். கொல்கத்தாவில் நிற்கும் பாரபாசோரஸ் தாகோரேய் (ஓம், தாகூரின் பெயர்தான்) குறைந்தது ஆறு விலங்குகளின் முந்நூறு எலும்பிலிருந்து கட்டியது. பல் கிடைத்தது. மண்டை ஒன்றுகூட இல்லை.

சரி, எருமைக்கு வருவோம். வாலுக்கு நூற்கட்டை. மாமி தையல்காரி, வெறும் நூற்கட்டைக்குப் பஞ்சமில்லை. பெரியதிலிருந்து சின்னதாகக் கோத்து, வெள்ளைப் பெயின்ட் அடித்து மாட்டினோம். ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டாம் பரிசு.

பிழை கழுத்தில். எட்டு எலும்பு வைத்திருந்தேன். பாலூட்டிக்குக் கழுத்தில் ஏழு, மனிதனுக்கும் ஏழு, ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழு. (தேவாங்கு போல மரத்தில் தொங்கும் சுலோத் என்ற பிராணியும் மனாட்டி என்ற கடற்பிராணியும் இதற்கு விலக்கு.) இது எக்ஸ்ரே படிக்கப் போன பிறகுதான் எனக்கே தெரியும். அன்று இன்னொன்றும் மிஞ்சியது: கட்டையான, வளைவு குறைந்த விலா ஒரு சோடி. எங்கு வைத்தாலும் பொருந்தவில்லை. "கன்றினுடையதாக்கும்" என்று பையிலேயே விட்டோம்.

பின்னாளில் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன்: இரண்டு விலங்கு கலந்துவிட்டது. வில்லுக்குள் வேறொரு கன்றும் செத்திருக்கிறது. எட்டாவது கழுத்தெலும்பும் கட்டை விலாவும் அதனுடையவை. ஆராய்ச்சிக்காரர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு, இரண்டு மூன்று விலங்கின் எலும்பைச் சேர்த்து ஒன்றாக்கிவிடுவது.

9 மே

செங்கலடித் தம்பி கேட்கிறார்: "அண்ணே, உங்கட எருமைக்கு எட்டுக் கழுத்தெலும்பு இருக்கலாமெண்டா அந்த மனிசன் மூக்கில கொம்பு வச்சா என்ன?"

வழக்கை ஒப்புக்கொள்கிறேன்.

12 மே

"நெருங்கிய சொந்தத்திடம் கடன்" என்று எழுதியதை விளக்கச் சொல்லி ஒரு அக்கா கேட்டிருக்கிறார்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்குவது சுகம். குடி என்ற குலப்பிரிவு நமக்குத் தாய்வழி. தாயின் குடி தெரிந்தால் பிள்ளையைக் காணாமலே அதன் குடியைச் சொல்லிவிடலாம், கோயிலில் எந்தத் திருவிழாவுக்கு அந்தப் பிள்ளை உரிமைக்காரன் என்பது வரைக்கும். டைனோசருக்கு உயிரோடு இருக்கும் சொந்தம் இரண்டு. ஒரு பக்கம் முதலை, மறுபக்கம் பறவை. பறவை சொந்தம் மட்டுமில்லை, டைனோசரின் நேரடி வாரிசு. ஆக வாவியில் கிடக்கும் முதலையிடமும் முற்றத்தில் கிளறும் கோழியிடமும் பொதுவாக இருப்பது எதுவோ, அது நடுவில் இருந்த டைனோசரிடமும் இருந்திருக்கும் என்று எடுத்துக்கொள்வார்கள். நாலு அறை இதயம் இரண்டுக்கும் உண்டு, ஆகவே டைனோசருக்கும். முட்டை, அப்படியே. முதலைத் தாயும் கூட்டைக் காவல் காக்கும், கோழியும் அடைகாக்கும். ஆகவே டைனோசரும் பிள்ளைப் பாசக்காரியாக இருந்திருக்கலாம்.

இந்தக் கடைசி விஷயத்தில் ஒரு அநியாயம் நடந்தது. 1923ல் மங்கோலியாவில் முட்டைக் கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு எலும்புக்கூடு. அந்த முட்டைகள் வேறொரு டைனோசருடையவை என்று நினைத்து, திருட வந்த இடத்தில் செத்தது என்று முடிவு கட்டி, அடுத்த வருடம் ஓவிரப்டர், அதாவது முட்டைக்கள்ளன், என்று பெயர் வைத்தார்கள். 1990களில் அதே வகை முட்டைக்குள் குஞ்சு கிடைத்தது. குஞ்சு அந்தக் "கள்ளனின்" குடும்பமேதான். கூட்டின் மேல் சிறகு விரித்துப் படுத்தபடி செத்துப்போன உறவினர்களும் கிடைத்தன. பெயரை மாற்ற முடியாது, முதலில் வைத்த பெயர்தான் நிற்கும் என்பது விதி. தாய்க்குக் கள்ளப் பட்டம், நூறு வருடமாக.

18 மே

வாகரையிலிருந்து ஒரு சேர்: யானை அழிந்துபோய் மண்டையோடு மட்டும் கிடைத்திருந்தால் தும்பிக்கை வரைந்திருப்பார்களா?

உன்னிச்சைக் குளத்துப் பக்கம் செத்த யானை ஒன்றின் மண்டையைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். நெற்றிக்குக் கீழே நடுவில் ஒரு பெரிய ஓட்டை. ஒற்றைக்கண் என்று நினைத்து ஓடிவந்தேன். அது மூக்குத் துவாரம். தும்பிக்கையில் ஒரு துண்டு எலும்பு கிடையாது. ஆனால் அவ்வளவு மேலே, அவ்வளவு பெரிய துவாரம், சுற்றிவரத் தசை பிடித்த தழும்பு, நரம்பு போக அகலமான வழி. இதெல்லாம் பார்க்கிறவன் அங்கே தசைப்பற்றான ஏதோ இருந்தது என்று சொல்லிவிடுவான். அது நிலம் வரை தொங்கியது, அதால் தண்ணி அள்ளித் தலையில் ஊற்றியது என்று சொல்லமாட்டான். காது விசிறியளவு என்றும் சொல்லமாட்டான்.

டைனோசரில் இதற்கு ஒத்தது: எட்மண்டோசரஸ் என்ற வாத்துவாய்க்காரனின் எலும்பு நூறு வருடத்துக்கு மேலாக நன்றாகத் தெரியும். 2013ல் தோலோடு ஒரு தலை வெளிவந்தது. உச்சியில் சேவலுக்கு இருப்பது போல சதைக் கொண்டை. எலும்பில் அதற்கு ஒரு அடையாளமும் இல்லை.

25 மே

கண்ணகி அம்மன் சடங்கு. ஒரு கிழமையாக இந்தப் பக்கம் வரவில்லை. வந்து 12ஆம் தேதிக் குறிப்பைத் திரும்ப வாசித்தால், முதலையையும் கோழியையும் வைத்து எல்லாவற்றையும் தீர்த்துவிடலாம் என்று எழுதியவன் மாதிரி இருக்கிறேன். திருத்துகிறேன்.

டைரனோசரஸ் என்ற பெரிய ஊனுண்ணி டைனோசர் வாயை மூடினால் பல் வெளியே தெரியுமா? முதலைக்கு உதடு இல்லை, வாய் மூடியிருந்தாலும் பல் தெரியும். கோழிக்குப் பல்லே இல்லை, அலகு. இரண்டு சாட்சியும் கையை விரித்துவிட்டன. அப்போது தூரத்துச் சொந்தமான உடும்பைக் கேட்க வேண்டியிருக்கிறது. உடும்புக்கும் கபரகொய்யாவுக்கும் பல்லை மூடும் உதடு உண்டு. 2023ல் வந்த ஆய்வு டைரனோசரஸின் பல்லையே கேட்டது. முதலைப் பல்லின் வெளிப்பக்க எனாமல் பூச்சு காய்ந்து தேய்ந்து போகிறது. டைரனோசரஸ் வகைப் பல்லில் அந்தத் தேய்வு இல்லை. ஆகவே ஈரமாக மூடி வைத்திருந்தது, உதடு இருந்தது என்கிறார்கள். எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. எனக்குச் சரியென்றே படுகிறது. பட்டியில் வளர்ந்தவன் மாட்டின் வயதைப் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் சொல்வான்.

26 மே

நேற்றையதோடு சேர்க்க மறந்தது. 1965ல் போலந்து, மங்கோலியக் கூட்டு ஆய்வுக் குழு கோபிப் பாலைவனத்தில் இரண்டு கை எடுத்தது. ஒவ்வொன்றும் 2.4 மீட்டர். கையும் தோளும் தவிரச் சில துண்டுகள்தான். டெய்னோகெய்ரஸ், பயங்கரக் கை, என்று பெயர். கை எலும்பின் சாயலை வைத்துத் தீக்கோழி வடிவ டைனோசர்களின் சொந்தம் என்றார்கள். கிட்டத்தட்ட ஐம்பது வருடம் கழித்து, 2014ல், உடம்பு வந்தது. சொந்தம் சரி! ஆனால் முதுகில் பாய்மரம் போல ஒரு திமில், வாத்து அலகு போல வாய், வயிற்றில் மீன் மிச்சம். அதை ஒருவரும் வரைந்திருக்கவில்லை. கடன் வாங்கினால் குடி கிடைக்கும், குணம் கிடைக்காது.

2 ஜூன்

எலும்பே இல்லாமல் போன இரண்டு டைனோசர்.

எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர், ஜெர்மன்காரர். எகிப்துப் பாலைவனத்தில் 1912ல் எடுத்த எலும்புகளுக்கு 1915ல் ஸ்பைனோசரஸ் என்று பெயர் கொடுத்தார். முதுகில் ஆளுயர முள் நிரை. கீழ்த்தாடைத் துண்டு, பற்கள், சில முள்ளெலும்புகள், கொஞ்சம் விலா, அவ்வளவுதான். 1944 ஏப்ரலில் மியூனிக் நகரில் குண்டு விழுந்தது, அருங்காட்சியகம் எரிந்தது, எலும்பு போயிற்று. மிஞ்சியது அவர் வரைந்த படத்தாள்களும் எழுத்தும் சில புகைப்படமும். மனிதர் எலும்பைத் துல்லியமாக வரைந்து, ஒவ்வொரு அளவையும் எழுதி வைத்திருந்தார். அதை வைத்துத்தான் பிறகு மொரோக்கோவில் கிடைத்தது அதே விலங்கு என்று ஒப்பிட முடிந்தது. 2014ல் கால் கட்டை என்றார்கள். "வேறு விலங்கின் காலை மாட்டியிருக்கிறீர்கள்" என்று மற்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள். 2020ல் அதே குழியிலிருந்து துடுப்பு போன்ற வால் வந்தது. அங்கே எடுத்ததில் ஒரே எலும்பு இரண்டு முறை வரவில்லை, ஆகவே ஒரே விலங்குதான் என்பது அவர்கள் வாதம். நீந்தியதா, தண்ணிக் கரையில் கொக்குப் போல நின்றதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

மற்றது நம் மொழி பேசும் மண்ணில். அரியலூர் பக்கம் கல்லமேடு. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் 1980களின் கடைசியில் எழுதினார்கள். ப்ருஹத்காயோசரஸ், பேருடல் பல்லி. கணுக்காலுக்கு மேலுள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம் என்று அளந்தார்கள். முதலில் ஊனுண்ணி என்றார்கள், பிறகு மற்றவர்கள் நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று மாற்றினார்கள். எலும்பா, கல்லான மரமா என்று கேட்டவர்களும் உண்டு. திரும்ப எடுத்துப் பார்க்க எலும்பு இல்லை. பதமான எலும்பு, மழை ஈரம் குடித்துப் பொடிந்து போனது. 2022ல் பழைய புகைப்படங்களை வெளியிட்டார்கள். அவற்றைப் பார்த்தபிறகு எலும்புதான் என்பவர்கள் கூடியிருக்கிறார்கள். 2023ல் ஒரு மதிப்பீடு 110 முதல் 170 டன் என்றது. இடைவெளி மட்டும் 60 டன். யானைக்கு ஐந்து டன் வைத்தால் பன்னிரண்டு யானை அந்த இடைவெளிக்குள் நடமாடலாம்.

எடை ஏன் இப்படி இழுபடுகிறது என்றால்: நீளத்தில் பத்து வீதம் பிழைத்தால் எடையில் முப்பத்துமூன்று வீதம் பிழைக்கும், ஏனென்றால் உயரமும் அகலமும் கூடவே பெருக்கும். முழு உடம்பும் தெரிந்தால் சரியா என்றால் அதுவும் இல்லை. 1990ல் கிடைத்த சூ என்ற டைரனோசரஸ் எலும்பின் கனத்தில் 90 வீதம் முழுமை. அதற்கும் ஆறு டன்னிலிருந்து ஒன்பதரை வரை சொல்லியிருக்கிறார்கள். தொடையெலும்பின் சுற்றளவை அளந்து கணக்குப் போடும் முறை இருக்கிறது, உயிரோடுள்ள விலங்குகளில் சோதித்தால் அதுவே கால்வாசி முன்பின் போகும். எலும்பின் மேல் எவ்வளவு சதை என்பது எலும்புக்குத் தெரியாது. எங்கள் அப்பாவும் மாட்டு வியாபாரியும் ஒரே மாட்டைப் பார்த்து ஒரே எடை சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

9 ஜூன்

"குடும்பிமலையில் தோண்டினால் கிடைக்குமா?" பகிடிக்குக் கேட்டாரோ என்னவோ.

கிடைக்காது. மலையும் நம் மாவட்டத்து அடிப்பாறையும் டைனோசருக்கு எவ்வளவோ முந்தியவை, வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியவை. எலும்பு கிடந்திருந்தாலும் தப்பியிருக்காது. தீவின் பத்தில் ஒன்பது பங்கு இதே கதை. புத்தளம் பக்கம் தப்போவையில் டைனோசர் காலத்துப் படிவுப் பாறை கொஞ்சம் உண்டு, அதில் செடி இலைகளின் பதிவு கிடைத்திருக்கிறது.

ஆனால் ஒரு துண்டை வைத்து முழு விலங்கைச் சொன்ன கதை இங்கேயும் உண்டு. 1939ல் தெரணியகல என்ற விலங்கியலாளர் இலங்கையில் சிங்கம் இருந்தது என்று எழுதினார். ஆதாரம் இரத்தினபுரி மாவட்டம் குருவிட்டையில் கிடைத்த இரண்டு பல். அதற்கு "பந்தேரா லியோ சிங்களேயஸ்" என்று பெயரும் வைத்தார். பல் சாதாரண சாட்சியில்லை, இறைச்சி வெட்டும் கடைவாய்ப்பல்லின் வடிவம் ஒவ்வொரு இனத்துக்கும் தனி. சிங்கம் என்பதை நம்புகிறேன். மற்றச் சிங்கங்களிலிருந்து வேறான தனி வகை என்று இரண்டு பல்லை வைத்துச் சொல்வதுதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

10 ஜூன்

ஒரு சின்னச் சிரிப்பு. 1677ல் ரொபர்ட் புளொட் என்பவர் ஒரு தொடையெலும்பின் கீழ் முனையை வரைந்து, இராட்சத மனிதனுடையது என்று முடிவு கட்டினார். 1763ல் இன்னொருவர் அதே படத்தைப் போட்டு, வடிவத்தைப் பார்த்து, கீழே "மனித விதைப்பை" என்று எழுதிவிட்டார். டைனோசர் எலும்பு என்று இப்போது நினைக்கிறார்கள். அந்த எலும்பும் தொலைந்துவிட்டது. படம் இருக்கிறது, பட்டமும் இருக்கிறது.

16 ஜூன்

மிருக வைத்தியர் ஒருவர் எருமைக் குறிப்பை வாசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி போட்டிருக்கிறார்: "மற்ற விலாவெல்லாம் எத்தனை சோடி பொருத்தினீர்கள்?"

எண்ணிப் பார்த்தேன். ஞாபகத்தில் பன்னிரண்டு. எருமைக்குப் பதின்மூன்று என்கிறார். முதல் விலாதான் எல்லாவற்றிலும் கட்டை, வளைவு குறைவு என்கிறார்.

என் கன்றுக்குட்டி ஆட்டம் காணுகிறது.

22 ஜூன்

மச்சான் இப்போது ஆரையம்பதியில். அழைத்துக் கேட்டேன். சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவில்லை.

"கன்றா? என்ன கா கதைக்கிறாய். அந்த எலும்பில ரெண்டு பக்கமும் முளையும் குழியுமா இருந்தது, கழுத்து வரிசையில இருக்கமாட்டனெண்டது. நீதான் கொப்பாட அரத்தை எடுத்துத் தேய்ச்சாய். மறுகா இருந்திச்சு."

தேய்த்தேனா? எனக்குத் துளி ஞாபகமில்லை. ஆனால் தேய்த்திருப்பேன். அப்பாவின் அரம் எங்கே தொங்கும் என்பது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அது எட்டாவது கழுத்தெலும்பு இல்லை. முதலாவது நெஞ்சு முள்ளெலும்பு. மேலே நீட்டும் முள்ளை நரி கடித்திருந்ததால் கழுத்தெலும்பு போலத் தெரிந்திருக்கிறது. அந்தக் குழிகளில்தான் முதல் விலா வந்து உட்கார வேண்டும். உட்கார இடத்தைத் தேய்த்துவிட்டு, விலா பொருந்தவில்லை என்று பையில் போட்டிருக்கிறேன். பிறகு இருபது வருடமாக அந்த இரண்டையும் சேர்த்து ஒரு கன்றைப் பெற்று வளர்த்திருக்கிறேன். மே 8 குறிப்பில் "இரண்டு விலங்கு கலந்துவிட்டது" என்ற பகுதியை அடித்துவிட்டு வாசிக்கவும். ஒரே எருமை. அப்பா அன்றைக்கே சொன்னார், "அது தனியத்தான் கிடந்தது மனே" என்று. மாட்டைத் தெரிந்தவர் அவர்தானே, நான் கேட்கவில்லை.

எலும்பைத் திரும்பப் பார்க்க வழியில்லை. 2007 மார்ச்சில் படுவான்கரையே இடம்பெயர்ந்து வாவிக்கு இந்தப் பக்கம் வந்தது. திரும்பிப் போனபோது பாடசாலைக் களஞ்சிய அறைக்குக் கூரை இல்லை. அலுமாரியும் இல்லை, எருமையும் இல்லை.

23 ஜூன்

மச்சானிடம் அந்தக் கொப்பி இருக்கிறது! கட்டுவதற்கு முன் ஒவ்வொரு எலும்பையும் பென்சிலால் வரைந்து இலக்கம் போட்டிருந்தோம். எட்டாம் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். பூச்சி அரித்த மூலை போக மிச்சம் நன்றாகத் தெரிகிறது. இரண்டு பக்கமும் குழி. பக்கத்தில் என் கையெழுத்தில் "8?" என்று ஒரு கேள்விக்குறி. அன்றைக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. அரம் அதற்குப் பிறகு வந்திருக்கிறது.

மிருக வைத்தியருக்கு அனுப்பினேன். "முதல் நெஞ்செலும்பு" என்று இரண்டே சொல்லில் பதில்.

24 ஜூன்

ஒருவர் ஆறுதலுக்காக எழுதியிருக்கிறார், பெரிய அருங்காட்சியகங்களிலும் நடந்ததுதானே என்று. நடந்தது. அமெரிக்காவில் கார்னகி அருங்காட்சியகத்து அபட்டோசரஸுக்கு வேறு விலங்கின் தலை மாட்டி 1979 வரை நின்றது. எனக்குப் பிடித்தது அதற்கு முந்தின பகுதி. ஹாலண்ட் என்ற இயக்குநருக்கு எது சரியான தலை என்று ஓரளவு தெரிந்திருந்தது, மற்றப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் இருக்கும்வரை அந்த விலங்கு தலையில்லாமலே நின்றது. பார்க்க வருகிற பிள்ளைகள் என்ன நினைத்திருப்பார்களோ. அவர் செத்த பிறகுதான் பிழையான தலை ஏறியது.

30 ஜூன்

கல்முனை வாசகரின் மகள் முழு இழையையும் வாசித்தாளாம். தகப்பன் மூலம் இரண்டு கேள்வி.

ஒன்று, நிறம். எல்லா நிறமும் கற்பனை இல்லை, பிள்ளை. 1996ல் சீனாவில் இறகுத் தூவலோடு ஒரு சின்ன டைனோசர் கிடைத்தது, சைனோசோரொப்டெரிக்ஸ். இறகுக்குள் நிறத்தைத் தாங்கும் மிக நுண்ணிய பைகள் இருக்கும், அவற்றின் வடிவம் நிறத்துக்கு நிறம் மாறும். உருண்டை என்றால் செம்மை, நீளம் என்றால் கறுப்பு. 2010ல் அந்த வடிவத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்து, வாலில் செம்மண் நிறமும் வெள்ளையும் மாறி மாறிப் பட்டை என்று சொன்னார்கள். உன் புத்தகத்தில் பாய்கிற விலங்குக்கு இறகு கிடைக்கவில்லை என்றால் அதன் நிறம் வரைந்தவரின் விருப்பம்.

இரண்டாவது கேள்வியைத் தகப்பன் அப்படியே தட்டி அனுப்பியிருக்கிறார்: "புத்தகத்தில சிவப்பு அடிச்சுக் காட்டினாங்க. அங்கிள் ஏன் நூற்கட்டைக்கு வெள்ளை அடிச்சார்?"

பாடசாலைச் சுவருக்கு அடித்த பெயின்ட் மிச்சம் இருந்தது, பிள்ளை. வேறு நிறமும் இருந்தது.